ஐந்தரை பாகம்

ஜனவரி 6, திங்கள்

ஐந்து மணிக்கு எழுந்தேன், சாளைக் குழம்பு வைத்தேன், கணக்கில் பத்துக்கு மூன்று வாங்கினேன். இன்றைய செய்தி அவ்வளவுதான். ஆனால் மாலை வகுப்பு நடத்தும் எமிலியானா சிஸ்டர் விடமாட்டார். "பரீச்சை ஹால்ல கை ஓடணும்னா தினம் எழுதணும் மெற்றில்டா. என்ன வேணும்னாலும் எழுது" என்று கட்டளை. எழுதுகிறேன்.

வயது முப்பத்துநான்கு. ஆறாவதோடு நின்றவள். ஐஸ் கம்பெனியில் எட்டு வருடமாக மீன் தரம் பிரிக்கிறேன். மேற்பார்வை வேலை காலியாகிறது, எட்டாவது சான்றிதழ் இருந்தால் உனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தத் தனித்தேர்வு. மகள் டெல்பினும் எட்டாவதுதான் படிக்கிறாள். வீட்டில் ஒரே கணக்குப் புத்தகம், இரண்டு மாணவிகள், தினம் ஒரு சண்டை.

வீட்டுக்காரர் இன்னாசி சங்கு குளிக்கிறவர். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் காற்றுக்குழாயை வாயில் கடித்துக்கொண்டு அடிக்குப் போய்ச் சங்கு பொறுக்குவார். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவன் என் தம்பி கஸ்பார். எங்கள் பக்கம் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். தன் அக்காள் தாலி அறுபட எந்தத் தம்பியும் கயிற்றை நழுவவிடமாட்டான் என்ற கணக்கு.

பக்கத்துத் தெரு சிலுவை அண்ணன் பன்னிரண்டு பாகம் ஆழம் வரை போய்ப் போய்ச் சங்கு எடுத்தவர். ஒரு நாள் மேலே வந்தபோது இடுப்புக்குக் கீழே விளங்கவில்லை. மூன்று வருடமாகக் கட்டிலில் கிடக்கிறார். அன்றைக்கு இன்னாசி என் தலையில் கை வைத்து, ஆறு பாகத்துக்குக் கீழே இறங்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அப்படி ஆறு. அதுவே எனக்கு அதிகம். ஆனாலும் ஆறு ஆறுதானே, பன்னிரண்டு இல்லையே.

ஜனவரி 8, புதன்

நேர் மாறல் புரிந்துவிட்டது! இருபது கிலோ மீனுக்குப் பத்துக் கிலோ ஐஸ், நாற்பதுக்கு இருபது, நூறுக்கு ஐம்பது. மீனை ஐஸால் வகுத்தால் எப்போதும் இரண்டு. எட்டு வருடமாக நான் மண்வெட்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்ததற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது யாருக்குத் தெரியும்? அந்த மாறாத இரண்டுக்கு மாறிலி என்று பெயராம்.

பெருமை தாங்காமல் டெல்பினிடம், "நீ வளர வளர எனக்கும் வயசு ஏறுது பாரு, இதுவும் நேர் மாறல்தான்" என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ரெண்டும் சேர்ந்து கூடுனா மட்டும் போதாதும்மா. வகுத்துப் பாருங்க."

வகுத்தேன். அவளுக்கு ஒரு வயதானபோது எனக்கு இருபத்தொன்று. நான் அவளைப்போல இருபத்தொரு மடங்கு. அவளுக்குப் பத்தானபோது மூன்று மடங்கு. இப்போது அவளுக்குப் பதினான்கு, நான் இரண்டரை மடங்குகூட இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவள் என்னைத் துரத்திப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள், நான் கவனிக்கவே இல்லை. சிறிது நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிப் பாத்திரம் கழுவப் போனேன்.

ஜனவரி 11, சனி

எதிர் மாறல். ஒன்று கூடினால் மற்றது குறையும், இரண்டையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வரும். நான்கு பேர் லாரியில் ஐஸ் ஏற்ற மூன்று மணி நேரம் என்றால், ஆறு பேருக்கு இரண்டு மணி நேரம். பன்னிரண்டு பேருக்கு ஒரு மணி. "நானூறு பேர் வந்தா?" என்று கேட்டேன். சிஸ்டர், "நானூறு பேரும் ஒரு லாரில எங்க நிப்பாங்க மெற்றில்டா?" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு அந்தக் கணக்கு மறக்காது.

வலி தைலம் வாங்கவேண்டும். இந்த மாதம் இது இரண்டாவது பாட்டில். இன்னாசிக்குத் தோளில் பனி பிடித்திருக்கிறது.

ஜனவரி 15, புதன்

மத்தியானம் இன்னாசி ஒரு காலி தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். மூடி இறுக்கமாக இருந்தும் பாட்டில் யாரோ கசக்கிப் பிழிந்த மாதிரி இருந்தது. "கீழ கொண்டுட்டுப் போனேன் பிள்ளா. கடல் புழிஞ்சிரும். காத்துதான, ஒதுங்கிப் போவுது" என்றார்.

ஆழம் கூடக் கூடக் காற்று குறைகிறது. எதிர் மாறல்! எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. "எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு குறையும்?" என்றேன்.

"அத யாரு அளந்தா?"

யாரும் அளக்கவில்லை என்றால் நான் அளக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பூசை முடிந்து வந்து குழாய் செய்தோம். கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயில் முப்பது சென்டிமீட்டருக்குத் துண்டு வெட்டி, ஒரு முனையை மெழுகுவர்த்தியில் காட்டி அடைத்தோம். உள்ளே லேசாக ஈரப்படுத்தி, நீலச் சாக்பீஸ் தூளைப் போட்டுக் குலுக்கிக் காயவைத்தோம். திறந்த வாய் கீழே இருக்கும்படி கடலில் இறக்கினால், தண்ணீர் எதுவரை ஏறுகிறதோ அதுவரை நீலம் கழுவிப் போய்விடும். மிச்சம் இருக்கிற நீலம்தான் காற்று ஒதுங்கிய இடம். யோசனை பாதி டெல்பினுடையது, பாதி என்னுடையது. முழுவதும் தன்னுடையது என்கிறாள்.

கஸ்பாரிடம் ஆறு குழாய் கொடுத்தேன். அவன் கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சு இருக்கிறது. ஈயக் குண்டைக் கட்டி, சும்மா இருக்கிற நேரத்தில் இறக்கி எடுத்துத் தரச் சொன்னேன். "அக்காவுக்குக் கிறுக்கு முத்திட்டு" என்று சொல்லிக்கொண்டே சந்தோஷமாக வாங்கிக்கொண்டான்.

ஜனவரி 21, செவ்வாய்

இரண்டு பாகம்: நீலம் 22 செ.மீ. நான்கு பாகம்: 17.4. ஆறு பாகம்: 14.3.

பெருக்கினேன். 44. 69.6. 85.8.

வரவில்லை. குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 22, புதன்

கஞ்சி வடிக்கும்போது கொஞ்சம் இன்னாசியின் இடது காலில் கொட்டிவிட்டது. நான்தான் அலறினேன். இவர் பேப்பர் படித்துக்கொண்டே இருந்தார். கடலடிப் பாறையிலும் சிப்பியிலும் மிதித்து மிதித்துத் தோல் தடித்துப் போயிருக்கிறது. பிறகு பார்த்தால் கொப்புளம். மருந்து தடவினேன்.

பெருக்கல் இன்னும் வரவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

டெல்பின் கிராப் தாளில் புள்ளி வைத்தாள். கீழே ஆழம், மேலே காற்று. கோடு சரிந்து சரிந்து, தரையைத் தொடாமல் ஓடுகிறது. புத்தகத்தில் எதிர் மாறலுக்குப் போட்டிருக்கிற கோடும் அதே சரிவுதான். ஒரே ஒரு வித்தியாசம். புத்தகத்துக் கோடு இடது பக்கம் சுவர் மாதிரி நிற்கிற அச்சின் ஓரமாக ஏறி, சுவரைத் தொடாமல் தாளைத் தாண்டி மேலே போய்விடுகிறது. எங்களுடையது முப்பதில் சுவரை முட்டி நின்றுவிடுகிறது.

"மீதிக் கோடு எங்கடி?" என்றேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்குமோம்மா?"

முப்பதில் பாதி பதினைந்து. கோட்டில் பதினைந்து வருகிற இடத்தில் விரலை வைத்துக் கீழே இறக்கினேன். ஐந்தரை பாகம். ஐந்தரை பாகத்தில் காற்று பாதியாகிறது. பாதியாகவேண்டும் என்றால் அமுக்குகிற பாரம் இரண்டு மடங்காக வேண்டும். அப்படியென்றால் ஐந்தரை பாகத் தண்ணீரின் பாரம், இறங்குவதற்கு முன்பே அந்தக் குழாயின்மேல் இருந்திருக்கிறது. படகில், வெயிலில், கஸ்பார் கையில் இருந்தபோதே.

ஒவ்வொரு ஆழத்தோடும் ஐந்தரையைக் கூட்டினேன். ஏழரை பெருக்கல் 22, நூற்று அறுபத்தைந்து. ஒன்பதரை பெருக்கல் 17.4, நூற்று அறுபத்தைந்து. பதினொன்றரை பெருக்கல் 14.3, நூற்று அறுபத்துநான்கு சொச்சம். தண்ணீரில் இறங்காத குழாய்க்கு ஐந்தரை பெருக்கல் முப்பது. நூற்று அறுபத்தைந்து!

நாங்கள் இருவரும் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாள்.

புத்தகத்தையும் கிராப் தாளையும் தூக்கிக்கொண்டு சிஸ்டரிடம் ஓடினேன். அவர் கிராப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்துகொண்டார். "அது காத்தோட எடை மெற்றில்டா. நம்ம தலைக்கு மேல வானம் முடியிற வரைக்கும் இருக்கிற காத்து. பத்து மீட்டர், அதான் உன் அஞ்சரை பாகம், தண்ணி அளவுக்கு நம்மள அமுக்குது. நான் இருபது வருசமா சொல்லிக் குடுக்கிறேன், ஒரு தடவகூட அளந்து பாத்ததில்ல" என்றார்.

திரும்பி நடந்து வந்தேன். தெரு அதே தெருதான். மீன் காயப் போட்டிருந்தது, பிள்ளைகள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லார் தலைமேலும் ஐந்தரை பாகக் கடல் நிற்கிறது. யாரும் நசுங்கவில்லை, யாருக்கும் தெரியவில்லை. கர்த்தரே, கரையில் பிறந்தவள் நான், கடலில் இறங்கவே பயந்தவள். பிறந்த நாளிலிருந்து நான் ஒரு கடலின் அடியில்தான் சோறு ஆக்கிக்கொண்டிருக்கிறேன்.

வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

ஜனவரி 27, திங்கள்

இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி. கயிற்றில் இறக்கியது போதாது, ஆள் போகிற ஆழத்திலும் சரியாக வருகிறதா என்று பார்க்கவேண்டும். இன்னாசியின் வலைப்பையில் ஒரு குழாயைக் கட்டிவிடச் சொல்லிக் கஸ்பாரிடம் கொடுத்தேன். ஆறு பாகம், நீலம் பதினான்கு சொச்சம் வரவேண்டும்.

குழாய் கடலில் விழுந்துவிட்டதாம்.

ஜனவரி 29, புதன்

இன்னொன்று கொடுத்தேன். அதுவும் தொலைந்ததாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்ரசர் பெல்ட்டைப் பார்த்தான். கையில் பிடிக்கத் தெரியாதவனிடம் என் புருஷன் உயிரை எப்படிக் கொடுத்தார்களோ. இனி நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஜனவரி 31, வெள்ளி

விடியற்காலையில் இவர் காப்பி குடிக்கும்போது, வலைப்பையின் ஓரத்தில் குழாயை வைத்துத் தைத்துவிட்டேன். மத்தியானம் பை வந்தது. பிரித்து அளந்தேன்.

9.4.

கணக்கில் எங்கோ தப்பு. குழாய் சாய்ந்திருக்கும். சாக்பீஸ் தூள் சரியாகக் காய்ந்திருக்காது.

பிப்ரவரி 1, சனி

புதுக் குழாய். வெயிலில் இரண்டு மணி நேரம் காயவைத்தது. முனையை இரண்டு முறை அடைத்தது.

9.2.

டெல்பினிடம் எதற்கென்று சொல்லாமல், "ஒன்பது புள்ளி நாலுக்கு ஆழம் என்ன வரும்?" என்றேன். நூற்று அறுபத்தைந்தை வகுத்தாள், ஐந்தரையைக் கழித்தாள். "பன்னெண்டு."

"தப்பா இருக்கும், திரும்பப் போடு."

"கணக்கு சரிதாம்மா. நீங்க கண்டுபிடிச்ச கணக்குதான்."

மாதாவே, இந்தக் கணக்கு தப்பாக இருக்கட்டும். போன வாரம் இதற்காகத் தெருவே கேட்கக் கத்தியவள் நான். ஃபெயிலாகிறேன், ஐஸ் அள்ளியே சாகிறேன், எனக்கு ஒன்றும் தெரியாமல் போகட்டும். இது மட்டும் தப்பாக இருக்கட்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பூசைக்குப் பிறகு கஸ்பாரைக் கோயில் மதில் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். குழாயைக் காட்டினேன். நான் கேட்பதற்கு முன் அவனே அழுதுவிட்டான்.

"மேல சங்கே இல்லக்கா. பத்துக்குக் கீழ போனாத்தான் கெடக்கு. அத்தான் உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாவ. கயிறு புடிக்கிறவன் கடல்ல கண்டதக் கரைல சொல்லக் கூடாதுல்லா?"

"எத்தன நாளா?"

"போன வருசம் மழைக்குப் பொறவு."

"ஒங் கையில எதுக்குல கயிறக் குடுத்தோம்?"

அவனை அடிக்கக் கை ஓங்கினேன். மீசை முளைத்த முகம், அழும்போது மட்டும் மூன்று வயது. கையை இறக்கிவிட்டேன். கோபம் இறங்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

இன்னாசி சாப்பிட்டு முடித்தார். சண்டை போட்டால் எழுந்து போய்விடுவார் என்று தெரியும். பதினைந்து வருட அனுபவம். அதனால் கிராப் தாளை விரித்தேன்.

"ஒரு சந்தேகம் கேக்கட்டா? அடியில ஒரு ஆளு ஒரு மூச்சு இழுக்கான்னு வைங்க. பன்னெண்டு பாகத்துல."

"நான் ஆறுதான் போறேன்."

"உங்கள யாரு சொன்னா? கணக்குல ஒரு ஆளு. ஆறு பாகம் ஏறி வந்தா அந்த ஒரு மூச்சு ஒன்றரை மூச்சா விரியும். மிச்சம் ஆறு பாகம் ஏறுனா மூணு மூச்சுக்கு மேல. அதே ஆறு பாகம்தான், ஆனா கீழ அர மூச்சுதான் கூடுது, மேல ஒன்றரைக்கும் அதிகமா கூடுது. வெளிச்சம் வந்துட்டு, கரை வந்துட்டுன்னு அந்த ஆளு வேகமா ஏறுவான்லா, அந்தக் கடைசி எடத்துலதான் உடம்புக்குள்ள இருக்க காத்து அம்புட்டும் விரியும். தோள்ல குத்துறதும் அங்கதான் ஆரம்பிக்கும். சரியா?"

இன்னாசி தட்டிலேயே கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ரெண்டு பாகம் இருக்கப்ப குத்தும்" என்றார் மெதுவாக. "பொறவு மூட்டுக்குள்ள எறும்பு ஓடுன மாதிரி இருக்கும். இத நான் ஒருத்தருட்டயும் சொன்னதில்ல. நீ எப்பப் பிள்ளா கடல்ல எறங்குன?"

"நான் எறங்கல. கணக்கு எறங்குச்சு."

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். "கிள்ளிப் பாரு."

கிள்ளினேன். நகம் பதியக் கிள்ளினேன்.

"தெரியலட்டி. மூணு வாரமாவுது."

நான் அழுதேன். அவரும் அழுதார். டெல்பின் வாசல்படியில் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டு, நடந்ததெல்லாம் சொன்னோம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண். எவ்வளவு ஆழம் என்று கேட்டார். இன்னாசி என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "பன்னெண்டு பாகம்" என்றார். அவர் வாயால் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆழத்தில் மூச்சுக்காற்று இரத்தத்தில் கரைகிறதாம். வேகமாக ஏறினால் கரைந்தது குமிழாகி நரம்பை அடைக்கிறதாம். "அழுத்தம் ரெண்டு மடங்கானா கரையறதும் ரெண்டு மடங்கு" என்றார் டாக்டர்.

"நேர் மாறல்" என்றேன் என்னையறியாமல்.

"டீச்சராம்மா நீங்க?"

"இல்ல, ஐஸ் கம்பெனி."

கரைவது நேர் மாறல், விரிவது எதிர் மாறல். இரண்டும் சேர்ந்து ஒரு மனுஷனின் உடம்புக்குள், ஒரு காலுக்குள், சத்தமே இல்லாமல் நடக்கிறது. பயமாகவும் இருந்தது, கும்பிடவேண்டும் போலவும் இருந்தது. இவர் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் சுரணை திரும்பியிருக்கிறது, பாதத்தில் இல்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். கடல் கூடாது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. கஸ்பார் தினமும் வந்து பேசாமல் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போகிறான்.

பிப்ரவரி 13, வியாழன்

மூன்று வீடு தள்ளி இருக்கிற ஸ்டெனி வந்தாள். கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகிறது. புருஷன் ரீகனும் சங்குக்குத்தான் போகிறான். இரண்டு கையாலும் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். டெல்பினிடம் கேட்டுத் தானே செய்தாளாம். காலையில் அவன் பையில் தைத்து அனுப்பினாளாம். கரைக்கு வந்து பையைப் போட்டுவிட்டு, சாப்பிட்டதும் திரும்பக் கிளம்புகிறானாம்.

"பத்துக்குக் கீழ போறதில்லன்னு சத்தியம் பண்ணிருக்காவக்கா. சும்மா பாத்துச் சொல்லுங்க."

அளந்தேன். பத்து பாகம் என்றால் பத்தரைக்கு மேல் நீலம் வரவேண்டும். 8.1 இருந்தது. ஸ்கேலைத் திருப்பி வைத்து அளந்தேன். 8.1.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. பத்து என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். இன்று ஒரு நாள் இந்தப் பிள்ளை நிம்மதியாகச் சாப்பிடட்டும், நாளைக்குக் கஸ்பாரை விட்டு ரீகனிடம் பேசச் சொல்லலாம். என் தம்பி மாசக் கணக்காக என்னிடம் சொன்ன பொய் எப்படி ஆரம்பித்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பத்துதானக்கா?"

உள்ளே நாற்காலியிலிருந்து இன்னாசியின் குரல் வந்தது. "சொல்லு பிள்ளா. சரியாச் சொல்லு."

"பதினஞ்சு" என்றேன்.

ஸ்டெனி நின்ற இடத்திலேயே நின்றாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்தபடி இன்னாசி வாசலுக்கு வந்துவிட்டார்.

"படகு எடுத்திருக்க மாட்டான். வா தாயி, நான் பேசுறேன். நீ சொன்னா கேக்க மாட்டான், என் காலப் பாத்தா கேப்பான்" என்று சொல்லி, சுரணை இல்லாத பாதத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து மண்ணில் ஊன்றி, எங்கள் இருவருக்கும் முன்னால் தெருவில் இறங்கி நடந்தார்.